ஈட்டன் தீக்குப் பிறகு பசடினா வீட்டுக்குத் திரும்புவது: வீடு நிற்கிறது, குழந்தையோடு உள்ளே போகலாமா?

மீனா_பசடினா

வணக்கம். கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டி ஈட்டன் காட்டுத்தீ வந்த 2025 ஜனவரி 7 இரவு கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்களில் நாங்களும் உண்டு. அல்டடீனாவை ஒட்டி வடக்குப் பசடினாவில் வாடகைக்கு இருக்கிறோம், 1940களில் கட்டிய பழைய மரவீடு. கடவுள் புண்ணியத்தில் எங்கள் வீடு நிற்கிறது, ஆனால் பின்தெருவில் வரிசையாகப் பல வீடுகள் இல்லை. இப்போது எங்கள் பகுதிக்கு வெளியேற்ற உத்தரவை எடுத்துவிட்டார்கள். கணவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஜன்னல் விளிம்பெல்லாம் கருப்பாகப் பொடி படிந்திருக்கிறது, கதவைத் திறந்ததும் பிளாஸ்டிக் கருகிய நெடி, கொஞ்ச நேரத்திலேயே தொண்டை எரிந்தது என்றார். வீட்டு உரிமையாளர் "நெருப்பு தொடவே இல்லையே, ஜன்னலைத் திறந்து வையுங்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும், ஒன்றாம் தேதி வாடகை வந்துவிட வேண்டும்" என்று செய்தி அனுப்பியிருக்கிறார்.

மகளுக்கு இரண்டு வயது. மாமியார் திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார், அவருக்கு இளைப்பு உண்டு. "நாலு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் போயிற்று, எத்தனை நாளைக்கு அடுத்தவர் வீட்டில் இருப்பது" என்கிறார், அதிலும் நியாயம் இருக்கிறது. குழாய்த் தண்ணீர், சமையலறைச் சாமான், வாடகை, காப்பீடு என்று எதில் தொடங்குவது என்றே தெரியவில்லை. நாங்கள் எச்-1பி விசாவில் இருக்கிறோம், மகள் இங்கே பிறந்தவள். ஃபீமா (அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பு) உதவி எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்குமா? பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சுப்பீரியர்_கார்த்தி

மீனா, முதலில் நீங்கள் எல்லோரும் பத்திரமாக வெளியே வந்ததே பெரிய விஷயம். நான் கொலராடோவில் சுப்பீரியர் ஊர்க்காரன். 2021 டிசம்பர் 30 அன்று மார்ஷல் தீயில் இங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன, எங்கள் வீடு உங்களுடையதைப் போலவே தப்பி நின்றது. அதனால் சொல்கிறேன், "நெருப்பு தொடவில்லை" என்ற பேச்சை ஏற்றுக்கொள்ளாதீர்கள். காட்டு மரம் மட்டும் எரிந்த புகை வேறு, வீடுகள் எரிந்த புகை வேறு. சோஃபா, கார்பெட், பெயின்ட், கார், டிவி, பேட்டரி என்று எல்லாம் சேர்ந்து எரிந்த புகை காற்றின் வேகத்தில் ஜன்னல் இடுக்கு, அட்டிக் துவாரம் வழியாக உள்ளே புகுந்து சுவர், மெத்தை, துணி எல்லாவற்றிலும் ஊறிவிடுகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் இங்கே நின்ற வீடுகளுக்குள் காற்றை அளந்து பார்த்தபோது, தீ அணைந்து வாரங்கள் ஆன பிறகும் ஆவியாகும் வேதிப்பொருட்கள் உள்ளேயிருந்து வெளியேறிக்கொண்டே இருந்தன.

ஒன்றே ஒன்றை மட்டும் முதலில் செய்யுங்கள். எதையும் துடைப்பதற்கு முன் படம் எடுங்கள். ஒவ்வொரு அறை, ஜன்னல் விளிம்பு, அலமாரிக்குள், ஃபிரிட்ஜுக்குள், ஏசி ஃபில்டரைக் கழற்றி அதன் இரண்டு பக்கமும், பரணில் இருக்கும் பெட்டிகள் வரை வீடியோ. வெள்ளைத் துணியால் ஓரிடத்தில் துடைத்து அந்தத் துணியையும் படம் எடுத்து, ஜிப் பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். துடைத்துவிட்ட பிறகு "சேதமே இல்லையே" என்று சொல்வது காப்பீட்டுக்காரருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் சுலபமாகிவிடும்.

அப்புறம், "ஓசோன் மெஷின் வைத்து நெடியைப் போக்குகிறோம்" என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓசோனே நுரையீரலுக்குக் கேடு, இளைப்பு உள்ளவர் இருக்கும் வீட்டில் நினைத்தே பார்க்கக்கூடாது. ஹெப்பா ஃபில்டரோடு கரி ஃபில்டரும் உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குங்கள். ஹெப்பா தூசியைப் பிடிக்கும், நெடியைப் பிடிக்கக் கரிதான் வேண்டும்.

தூசுபரிசோதகர்

நான் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் ஆஸ்பெஸ்டாஸ், ஈயம் பரிசோதனை வேலையில் இருக்கிறேன். இந்தத் தீயில் எரிந்த கட்டிடங்கள் 9,400க்கும் மேல், அவற்றில் பெரும்பாலானவை பழைய வீடுகள். 1978க்கு முன் கட்டியது என்றால் ஈயப் பெயின்ட் இருந்திருக்க வாய்ப்பு அதிகம், கூரை ஓடு, தரை ஓடு, குழாய் உறை போன்றவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்தச் சாம்பல்தான் உங்கள் ஜன்னலில் இருக்கிறது. கார்த்தி சொன்னபடி படம் எடுத்து முடித்ததும், முடிந்தால் ஒரு சான்றிதழ் பெற்ற பரிசோதகரை வைத்துத் துடைப்பு மாதிரி (துடைத்து எடுக்கும் தூசி மாதிரி) எடுங்கள். ஈயத்துக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் தனித்தனியாகப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். சும்மா "புகைப் பரிசோதனை" என்றால் கரித்துகளை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். மாதிரி எடுப்பவரும் சுத்தம் செய்பவரும் ஒரே நிறுவனமாக இருக்கக்கூடாது என்பது என் அழுத்தமான கருத்து.

போனில் காட்டும் ஏக்யூஐ (காற்றுத் தரக் குறியீடு) பச்சையாக இருக்கிறது என்று நம்பி ஜன்னலைத் திறக்காதீர்கள். அது காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகளைக் கணக்கிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் சாம்பல் அதில் சரியாக வராது, ஈயம் இருக்கிறதா ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்பதையும் அது சொல்லாது.

மாமியார் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், துடைப்பம் கூடவே கூடாது. காய்ந்த சாம்பலைப் பெருக்கினால் படிந்து கிடப்பது மூக்குக்கு ஏறும். சாதாரண வாக்குவம் ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் நுண்தூசியை ஊதிவிடும், ஹெப்பா உள்ளதுதான் வேண்டும். வாளியால் கொட்டிக் கழுவினால் சாம்பல் கரைந்து தரை இடுக்கிலும் வாசல் மண்ணிலும் போய்ச் சேரும். லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து, துணியை அடிக்கடி மாற்றி, கடைசியில் பையில் கட்டிப் போட வேண்டும். என்95 முகக்கவசம் முகத்தில் இறுகப் பொருந்த வேண்டும், கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி வேண்டும். சாம்பல் காரத்தன்மை கொண்டது, தோலில் ஈரத்தோடு பட்டால் எரியும். செருப்பை வாசலிலேயே விடுங்கள், அந்த உடையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். சுத்தம் நடக்கும் நாட்களில் குழந்தையும் அம்மாவும் அந்தப் பக்கமே வர வேண்டாம். இலை ஊதும் மெஷினுக்கு இந்தத் தீயை ஒட்டி 2025 ஜனவரியில் கவுண்டி தடையே போட்டது, பக்கத்து வீட்டுத் தோட்டக்காரர் ஊதினால் நிறுத்தச் சொல்லுங்கள்.

பின்தெரு மனைகளின் இடிபாடுகளை அள்ளும் வரை காற்றடித்தால் மறுபடி வந்து படியும். அதனால் ஒருமுறை சுத்தம் செய்ததோடு முடிந்தது என்று யாரும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மீனா_பசடினா

இருவருக்கும் மிக்க நன்றி. மாமியாரிடம் இதை அப்படியே படித்துக் காட்டினேன், அரை மனதாகச் சம்மதித்திருக்கிறார். சமையலறை பற்றிக் கேட்கிறார்: அரிசி மூட்டை பிரித்து வைத்திருந்தது, பருப்பெல்லாம் டப்பாவில், ஊறுகாய் கண்ணாடி ஜாடியில், ஊரிலிருந்து கொண்டுவந்த வற்றல் துணிப்பையில். பட்டுப்புடவைகளும் அலமாரியில் இருக்கின்றன.

ராஜி_அல்டடீனா

மீனா, நான் லிங்கன் அவென்யூ பக்கம். பிரித்த அரிசி மூட்டை, துணிப்பை வற்றல், அட்டைப்பெட்டிச் சாமான், வெளியே இருந்த வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் போட்டுவிடுங்கள், மனசு கஷ்டப்படும்தான். இறுக மூடிய கண்ணாடி ஜாடி, நெருப்புச் சூடு படாத டின் இவற்றை வெளிப்புறம் நன்றாகக் கழுவிய பிறகு வைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் டப்பாவின் மூடி சரியாக இறுகாது என்றால் அதையும் விட்டுவிடுங்கள். மின்சாரம் நாலு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தாலே ஃபிரிட்ஜில் உள்ள பால், தயிர், குழம்பு, மாவு வீண்தான். உங்களுக்கு நாள்கணக்கில் போயிருக்கும், ஃபிரீசரையும் காலி செய்யுங்கள். எல்லாவற்றையும் பட்டியல் எழுதிப் படம் எடுத்துவிட்டுப் போடுங்கள், அதுவும் காப்பீட்டில் சேரும். புடவையை நீங்கள் துவைக்கவோ உதறவோ வேண்டாம். மாமியாரின் இன்ஹேலர் வீட்டிலேயே கிடந்தது என்றால் அதைப் பயன்படுத்தாமல் புதிதாக வாங்குங்கள், கலிபோர்னியாவில் அவசரநிலையில் மருந்துக்கடையில் முன்கூட்டியே மறுநிரப்பு கேட்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் கவனம். பசடினா நகராட்சித் தண்ணீரா, இல்லை அல்டடீனாவின் சிறு நிறுவனங்களான லிங்கன் அவென்யூ, லாஸ் ஃப்ளோரஸ், ரூபியோ கன்யான் இவற்றில் ஒன்றா என்று பில்லில் பாருங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக அறிவிப்பு விடுகிறது, பக்கத்துத் தெருவுக்கு நல்ல தண்ணீர் என்றால் உங்களுக்கும் அப்படி என்று அர்த்தமில்லை. தீயில் குழாய் அழுத்தம் இறங்கும்போது புகையும் உருகிய பிளாஸ்டிக்கின் ரசாயனமும் உள்ளே இழுக்கப்படுகின்றன, அதில் பென்சீன்தான் முக்கியம். "குடிக்காதீர்கள்" என்ற அறிவிப்பு இருக்கும்வரை காய்ச்சிக் குடிக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். நம் வீடுகளில் எதற்கும் காய்ச்சிக் குடிப்பது பழக்கம், கிருமிக்கு அது சரி. பென்சீனைக் காய்ச்சினால் அது ஆவியாகி அடுப்படியில் நிற்பவர் மூச்சில் போகும். சாதாரண ஃபில்டர் குடுவையையும் நம்பாதீர்கள். அறிவிப்பை நீக்கிய பிறகு நிறுவனம் சொல்லும் முறைப்படி எல்லாக் குழாய்களையும் திறந்து ஓடவிட்டு, ஐஸ் மெஷின், ஃபிரிட்ஜ் ஃபில்டரை மாற்றுங்கள்.

கேஸ் வால்வை நீங்களே திறக்காதீர்கள், கேஸ் கம்பெனி ஆள் வந்து சோதித்துத்தான் திறக்க வேண்டும். ஹீட்டர், ஏசி எதையும் போடுமுன் ஃபில்டரை மாற்றுங்கள், மெஷின் தாங்கினால் மெர்வ் 13 என்ற தர எண் உள்ள ஃபில்டர் நல்லது.

இன்னொன்று, மழை. மலை எரிந்து மண் தண்ணீரை உறிஞ்சாத நிலையில் இருக்கிறது. கலிபோர்னியாவிலேயே தாமஸ் காட்டுத்தீக்குப் பிறகு 2018 ஜனவரியில் மான்டெசிட்டோ ஊரில் மழையோடு இறங்கிய சேறும் பாறையும் 23 பேரைக் கொண்டுபோனது. எச்சரிக்கை வந்தால் யோசிக்காமல் மறுபடி கிளம்புங்கள். பையைக் கட்டி வாசலிலேயே வையுங்கள், பாஸ்போர்ட், விசா காகிதம், மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதில் இருக்கட்டும்.

சான்டாரோசா_வாசு

2017இல் கலிபோர்னியாவின் சான்டா ரோசாவை எரித்த டப்ஸ் காட்டுத்தீயில் வீட்டை முழுசாக இழந்தவன் நான், அதனால் பணம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஃபீமா பண உதவி எச்-1பிகாரருக்கு நேரடியாக இல்லை. ஆனால் ஒரே வீட்டில் வசிக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்ட குடிமகப் பிள்ளை இருந்தால், பெற்றோர் அந்தப் பிள்ளையின் பெயரில் விண்ணப்பிக்கலாம். உங்கள் மகள் இங்கே பிறந்தவள், அவளுடைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வைத்துப் போடுங்கள். இந்தத் தீக்கு 2025 மார்ச் 31 கடைசி நாள். "காப்பீடு இருக்கிறதே" என்று விடாதீர்கள், முதலில் மறுத்தாலும் மேல்முறையீடு செய்யலாம், பெரும்பாலும் ஏதோ ஒரு காகிதம் குறைந்ததற்காகத்தான் மறுப்பார்கள்.

வாடகைதாரர் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? எடுத்திருந்தால் "பயன்பாட்டு இழப்பு" என்ற பகுதியைப் பாருங்கள். அரசு உத்தரவால் வெளியேறிய காலத்துக்கு கலிபோர்னியாவில் குறைந்தது இரண்டு வாரம் கூடுதல் வாழ்க்கைச் செலவு உண்டு. அதற்குப் பிறகும் வீடு வாழத் தகுதியில்லை என்று காட்ட முடிந்தால் தொடரும். அதனால்தான் அந்தப் பரிசோதனை அறிக்கை முக்கியம். ஹோட்டல், வழக்கத்தைவிட அதிகமான சாப்பாட்டுச் செலவு, துணி வெளுப்பு, பெட்ரோல் எல்லா ரசீதும் வையுங்கள். காப்பீட்டு அதிகாரி போனில் சொல்வதை உடனே மின்னஞ்சலில் எழுதி "நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்" என்று அனுப்பிவிடுங்கள். ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், எழுத்து மட்டும்தான் நிற்கும்.

உரிமையாளருக்கும் அப்படியே, போனில் பேசாமல் எழுத்தில். வாழத் தகுந்த வீட்டைத் தருவது சட்டப்படி அவர் பொறுப்பு, சாம்பல் சுத்தம் செய்ய என்ன ஏற்பாடு, எப்போது என்று கேளுங்கள். வாடகையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அதற்கு முன் வாடகைதாரர் சட்ட உதவி மையத்தில் இலவசமாகக் கேட்டுவிடுங்கள். வேறு வீடு தேடுகிறீர்கள் என்றால், அவசரநிலைக் காலத்தில் பழைய வாடகையிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவது குற்றம் என்பது நினைவிருக்கட்டும்.

மீனா_பசடினா

ஏப்ரல் ஆகிவிட்டது, இதைத் தேடி வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். துடைப்பு மாதிரியில் ஜன்னல் விளிம்பிலும் மகளின் அறைத் தரையிலும் ஈயம் வந்தது. அந்த அறிக்கையை அனுப்பிய பிறகுதான் உரிமையாளர் தரப்பு அசைந்தது, தொழில்முறை ஆட்களை வைத்துச் சுத்தம் செய்து, மறுபடி பரிசோதித்து, அளவு இறங்கியதைப் பார்த்த பிறகு போனோம். மெத்தை, மகளின் துணிப்பொம்மைகள், கார்பெட் எல்லாம் போய்விட்டன. காப்பீட்டில் ஒரு பகுதி வந்தது, மகள் பெயரில் போட்ட ஃபீமா விண்ணப்பம் முதலில் மறுக்கப்பட்டு மேல்முறையீட்டில் கிடைத்தது. குழந்தைகள் மருத்துவரிடம் கேட்டு ரத்த ஈயப் பரிசோதனையும் செய்துவிட்டோம், பயப்படும் அளவு இல்லை. மாமியார் அடுத்த மாதம் ஊருக்குப் போகிறார், அதற்குள் கொல்லையில் கீரை போட்டுவிட வேண்டும் என்கிறார். போடலாமா?

தூசுபரிசோதகர்

கேட்க நிம்மதியாக இருக்கிறது. மண்ணைப் பார்க்காமல் கீரை வேண்டாம். இந்த ஆண்டு (2025) கவுண்டி இலவசமாக மண்ணில் ஈயம் பரிசோதிக்கிறது, மாதிரி எடுத்துக் கொடுங்கள். கலிபோர்னியாவில் குடியிருப்பு மண்ணுக்கு ஒரு கிலோவுக்கு 80 மில்லிகிராம் ஈயம் என்பது எச்சரிக்கை அளவு, அதற்கு மேல் வந்தால் குழந்தை விளையாடும் இடத்தை மூடிவிடுங்கள். அதுவரை அம்மாவுக்குக் கீரை ஆசை என்றால் புது மண் வாங்கித் தொட்டியில் போடட்டும், வாசல் பக்கம், பின்தெருவில் லாரி அள்ளும் நாளில் மேலே ஒரு ஷீட்டைப் போட்டு மூடிவிட்டு. பறித்ததும் நன்றாகக் கழுவச் சொல்லுங்கள்.