நானோ சிலிக்கா சேர்த்த துளையிடு சேற்றுக்கு எந்த ஓட்ட மாதிரி பொருந்தும்?

கேள்வி

வணக்கம். கிணறு துளையிடப் பயன்படும், பென்டோனைட் என்ற களிமண் கலந்த நீர்ச் சேற்றில் எடையளவில் 0.5 விழுக்காடு நானோ சிலிக்கா (மிக நுண்ணிய சிலிக்காத் துகள்) சேர்த்து, பாகுநிலையை அளக்கும் ஆறு வேக விஸ்காமீட்டரில் அளந்தேன். நிமிடத்திற்கு 600, 300, 200, 100, 6, 3 சுற்றுகளில் முள் முறையே 40, 28, 23, 17, 8, 7 என்று நின்றது. தகைவு (பரப்பலகின் மேலான விசை) வேகத்தோடு நேர்கோட்டில் உயரும் என்று கொள்ளும் பிங்காம் மாதிரிப்படி பிளாஸ்டிக் விஸ்காசிட்டி (அந்தக் கோட்டின் சாய்வு) 12 சென்டிபாய்ஸ், ஈல்டு பாயிண்ட் (ஓட்டம் தொடங்கத் தேவையான தகைவு) 16. அதை வைத்து 3 சுற்றுக்குக் கணக்கிட்டால் 16-க்குச் சற்று மேலே வருகிறது. தகைவு வேகத்தின் ஓர் அடுக்காக உயரும் என்னும் அடுக்கு விதியில் 2.6 வருகிறது, கருவியோ 7 காட்டுகிறது. துகளின் அளவைக் கொண்டு பாகுநிலையை முன்கூட்டியே சொல்லும் சமன்பாடு ஒன்றை உருவாக்க விரும்புகிறேன். துகள்களின் கன அளவுப் பங்கிலிருந்து பாகுநிலை உயர்வைத் தரும் ஐன்ஸ்டீன் சமன்பாட்டையும் முயன்றேன். துகள் சேர்க்காத சேற்றோடு ஒப்பிடும்போது நான் காணும் உயர்வில் சிறு பங்கைக்கூட அது தரவில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில் 1

உங்கள் அளவீடுகள் ஒழுங்காகவே இருக்கின்றன; மாதிரிதான் பொருந்தவில்லை. பிங்காம் மாதிரி 600, 300 ஆகிய இரு வேகங்களை இணைக்கும் நேர்கோட்டை அப்படியே கீழே நீட்டிவிடுகிறது. சேறு மெதுவாக நகரும் இடத்தில், அதாவது துளைக்கும் குழாய்க்கும் இடையிலான வளைய வெளியில், வளைகோடு எப்படிச் சாய்கிறது என்பது அதற்குத் தெரியாது. வெட்டுத்துண்டுகளை மேலே கொண்டுவரும் ஆற்றல் அங்கேதான் முடிவாகிறது என்பதால் இந்தப் பிழையை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

தொடக்கத் தகைவையும் (ஓட்டம் தொடங்கத் தேவையான தகைவு) அடுக்கு விதியையும் சேர்த்த ஹெர்ஷெல்–பல்க்லி மாதிரியைப் போட்டுப் பாருங்கள். 3 சுற்று அளவை இரட்டித்து 6 சுற்று அளவைக் கழித்தால் 6 வருகிறது, முள் அளவைப் பாஸ்கலாக மாற்றும் 0.511-ஆல் பெருக்கினால் தொடக்கத் தகைவு ஏறத்தாழ 3.07 பாஸ்கல். இந்த 6-ஐ 40-லிருந்தும் 28-லிருந்தும் கழித்தால் 34, 22; இவற்றின் விகிதத்திலிருந்து அடுக்கெண் 0.63 கிடைக்கிறது. கணக்கில் பயன்படுத்தாத 200, 100 சுற்றுகளுக்கு இதே மாதிரி 23.05, 17.03 என்று தருகிறது.

ஒரு எச்சரிக்கை. இதில் வேகத்தின் அடுக்கைப் பெருக்கும் நிலைத்தன்மைக் கெழுவின் அலகு அடுக்கெண்ணைப் பொறுத்தே மாறும். ஆகவே, அடுக்கெண் வேறுபடும் இரு சேறுகளின் கெழுக்களை ஒப்பிட்டு, துகள் சேர்த்ததால் கெழு உயர்ந்தது என்று எழுதுவதற்குப் பொருளே இல்லை. பல கட்டுரைகளில் இதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அதற்குப் பதிலாக நொடிக்கு 170 என்ற சறுக்கு வீதத்தை (சேற்றின் படலங்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவும் வீதம்), அதாவது 100 சுற்றை, அடிப்படையாகக் கொண்டு, தொடக்கத் தகைவுக்கு மேல் அங்கே எவ்வளவு தகைவு இருக்கிறது என்று எழுதுங்கள். உங்கள் சேற்றுக்கு அது சுமார் 5.6 பாஸ்கல். எந்தச் சேற்றோடும் நேரடியாக ஒப்பிடக்கூடிய எண் இது.

பதில் 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால், 3 சுற்று அளவை அவ்வளவு நம்ப வேண்டாம். கருவியின் வெளி உருளைக்கும் உள் உருளைக்கும் உள்ள ஆர விகிதம் 1.068, அதன் இருமடி 1.14. உள் உருளையின் மேல் உள்ள தகைவு, தொடக்கத் தகைவைப் போல் 1.14 மடங்குக்குக் கீழே போனால், இடைவெளியின் வெளிப்புறச் சேறு அசையாமல் கட்டியாக நிற்கும். உங்களுக்கு அந்த எல்லை 3.50 பாஸ்கல், 3 சுற்றில் அளந்தது 3.58. மயிரிழையில்தான் தப்பியிருக்கிறீர்கள். அதோடு, இவ்வகைச் சேறு ஓய்வில் இறுகுவது என்பதால், 600-இல் நன்றாகச் சுழற்றிவிட்டு, மேலிருந்து கீழாக வந்து, முள் நிலைத்த பிறகே குறித்தீர்களா என்பதையும் தெரிவியுங்கள்.

பதில் 3

ஐன்ஸ்டீன் சமன்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எடையில் 0.5 விழுக்காடு என்பது கன அளவில் கால் விழுக்காட்டுக்கும் குறைவு; அந்தச் சமன்பாடு அதற்குத் தரும் உயர்வு 0.6 விழுக்காடு மட்டுமே. துகள்கள் திரண்டு பத்து மடங்கு ஆரமுள்ள, இடைவெளி நிறைந்த கொத்துகளாகின்றன என்று வைத்து, செறிந்த கலவைகளுக்கான கிரீகர்–டோஹெர்ட்டி சமன்பாட்டில் இட்டாலும் சுமார் 10 விழுக்காடுதான் வரும். மீதி உயர்வு சிலிக்காவிடமிருந்து வரவில்லை. பென்டோனைட் தகடுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் விதத்தைச் சிலிக்கா மாற்றுவதால் வருகிறது. பிஎச் 9-க்கு மேல் சிலிக்காவின் பரப்பும் தகட்டின் முகப்பும் எதிர்மின்சுமை கொண்டவை. வேறொரு நானோ துகளான அலுமினாவோ அந்த எல்லையில் ஏறக்குறைய மின்சுமையற்றது. ஆகவே, ஒரு துகளுக்குப் பொருத்திய சமன்பாட்டை மற்றொன்றுக்குக் கொண்டுபோக முடியாது.

நீங்கள் சேர்த்தது நீரில் மிதக்கும் ஆயத்தக் கரைசலா? அவ்வகைக் கரைசல்களைப் பெரும்பாலும் காரம் சேர்த்தே நிலைநிறுத்துவார்கள். அப்படியானால், துகள் இல்லாத சேற்றின் பிஎச்-ஐயும் அதே அளவுக்கு உயர்த்தி அளந்த பிறகே ஒப்பிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஆயத்தக் கரைசல்தான், ஒப்பீட்டுச் சேற்றின் பிஎச்-ஐ நான் சரிசெய்யவில்லை. மேலிருந்து கீழாகத்தான் அளந்தேன், ஆனால் 3 சுற்றில் முள் நிற்கும்வரை காத்திருக்கவில்லை. இரண்டையும் மீண்டும் செய்கிறேன். வெப்பநிலைக்கு, சூடேறப் பாகுநிலை குறைவதைக் காட்டும் அரீனியஸ் உறுப்பு ஒன்றைச் சேர்த்தால் போதுமா?

பதில் 3

முழுச் சமன்பாட்டுக்கும் ஒரே உறுப்பைப் போடாதீர்கள். சூடேறும்போது நீரின் பாகுநிலை குறைகிறது. பென்டோனைட் வலைப்பின்னலோ சில வேளைகளில் இறுகுகிறது. தொடக்கத் தகைவுக்கு அளவீட்டிலிருந்தே தனி வளைகோடு வரையுங்கள். அரீனியஸ் உறுப்பை அதற்கு மேலுள்ள தகைவுக்கு மட்டும் பொருத்துங்கள்.