அரசனைத் தின்னும் ஓநாய்: ஆன்மாவின் கதையா, மூசையின் கணக்கா?

ஓவியப்பித்தன்:
ரசவாதி மைக்கேல் மையரின் படநூலான 'அட்டலாண்டா ஃபுகியென்ஸ்' (1617, ஓப்பன்ஹைம்) 24ஆம் படத்தைப் பாருங்கள். முன்னால் ஓர் ஓநாய் அரசனைத் தின்கிறது. பின்னால் அதே ஓநாய் தீயில் வேக, அரசன் நடந்து வருகிறான். இது சாவும் உயிர்த்தெழலும். கிறிஸ்தவ ஐரோப்பாவில் யார் பார்த்தாலும் முதலில் தோன்றுவது அதுதான். உளவியலாளர் யுங் 1944இல் இந்த வகை ரசவாதப் படங்களை மனத்தின் உள்வேலையாகப் படித்தார். இதைப் போய் 'தங்கம் புடம்போடும் குறிப்பு' என்று உங்களைப் போன்ற உலைக்காரர்கள் சுருக்குவது எனக்கு ஒப்பவில்லை.

மூசைக்காரன்:
சுருக்கவில்லை ஐயா, படத்தில் இருப்பதைத்தான் சொல்கிறோம். அரசன் என்றால் தங்கம். ஓநாய் என்றால் அஞ்சனக்கல், அதாவது ஆன்டிமனியும் கந்தகமும் சேர்ந்த ஆன்டிமனி சல்ஃபைடு. மற்ற உலோகங்களை விழுங்குவதால் அதற்கு 'உலோகங்களின் ஓநாய்' என்றே பேர். பசிலியஸ் வாலன்டினஸ் பேரில் 1599இல் வந்த 'பன்னிரண்டு சாவிகள்' என்ற ரசவாத நூலின் முதல் சாவியிலேயே (பகுதியிலேயே) இந்தச் செய்முறை வருகிறது: சாம்பல்நிற ஓநாய்க்கு அரசனைத் தின்னக்கொடு, பெருந்தீ மூட்டி ஓநாயை எரி, மூன்று முறை செய்.

உலைக்களத்தில் நடப்பது இது. தங்கம் தனியே உருக 1064 பாகை செல்சியஸ் வேண்டும்; அஞ்சனக்கல் 550 பாகை அளவிலேயே உருகிவிடும். மூசையில் (உலோகம் உருக்கும் கலத்தில்) உருகிய அஞ்சனக்கல்லில், மாற்று (தூய்மை) குறைந்த தங்கத்தைப் போட்டால் அது கரைந்து மறைகிறது. அரசன் போய்விட்டான். கலந்திருந்த வெள்ளியையும் செம்பையும் கந்தகம் பிடித்துக்கொண்டு மேலே கசடாகும். கந்தகத்தை இழந்த ஆன்டிமனி, தங்கத்தைச் சுமந்துகொண்டு அடியில் இறங்கும். 100 கிராம் வெள்ளியைப் பிடிக்கக் கணக்குப்படி 52 கிராம் அஞ்சனக்கல், 100 கிராம் செம்புக்கு 89 கிராம். கைவேலையில் கூடுதலாகவே போடவேண்டும்.

பிறகு அடிக்கட்டியைத் தனியே உருக்கித் துருத்தியால் காற்று ஊதினால் ஆன்டிமனி வெள்ளைப் புகையாகப் போகும். ஓநாய் எரிவது அதுதான். அவசரப்பட்டு வேகமாக ஊதினால் தங்கமும் தெறித்துப் புகையோடு போகும். பாதியில் நிறுத்தினால் மீந்த ஆன்டிமனி தங்கத்தை நொறுங்கவைக்கும். சுத்தியல் பட்டதும் விரிசல். ஒரே தடவையில் மாற்று ஏறாது, கசடிலும் கொஞ்சம் தங்கம் தங்கிவிடும். 'மூன்று முறை' வெறும் அலங்காரம் இல்லை.

ஓவியப்பித்தன்:
செய்முறையை மறுக்கவில்லை. ஆனால் 'பன்னிரண்டு சாவிகள்' 1599 பதிப்பில் படமே கிடையாது. மரச்செதுக்குகள் 1602இல்தான் சேர்ந்தன. நாம் பார்த்துப் பழகிய செப்புத்தகட்டுப் படங்கள் மையர் 1618இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ளவை. எழுதியவன் வேறு, வரைந்தவன் வேறு. வரைந்தவன் துருத்தி பிடித்தவனா?

மூசைக்காரன்:
பிடிக்கவேண்டியதில்லை, வாசகத்தைப் படித்திருந்தால் போதும். முதல் சாவிப் படத்தில் அரசன் பக்கம் ஓநாய் மூசையைத் தாண்டுகிறது. அரசி பக்கம் அரிவாளோடு கிழட்டுச் சனி, கீழே புடத்தட்டு. அரசி என்றால் வெள்ளி, சனி என்றால் ஈயம். எலும்புச்சாம்பல் தட்டில் ஈயம் போட்டு ஊதினால் செம்பு முதலானவை ஈயத் துருவோடு தட்டில் இறங்கும், வெள்ளி நிற்கும். வெள்ளியைத் தங்கத்திலிருந்து பிரிக்க மட்டும் ஈயத்தால் ஆகாது, அதற்குத்தான் ஓநாய். எந்தக் கருவி யார் பக்கம் என்பது சும்மா அமையவில்லை என்பது என் வாசிப்பு. அரசி கையில் பூவும் மூன்று.

கீரன்77:
குறுக்கிடுகிறேன். நம்மூர் மருத்துவச் சுவடிகளில் 'பரிபாஷை' என்கிறோமே, அதைப்போல இதுவும் மறைபெயர் மொழிதான். ஆனால் ஒரு பெயருக்கு ஒரே பொருள் என்று அகராதி போட்டுவிட முடியாது. மூன்றாம் சாவியில் நரியும் சேவலும் ஒன்றையொன்று தின்பது எந்தச் சரக்கின் பெயரும் இல்லை, ஒரு செயல்: தங்கத்தை இராஜதிராவகம் என்ற அமிலக் கலவையில் கரைத்து, திராவகத்தை வடித்து, வடித்ததையே மறுபடி ஊற்றுவது. பலமுறை திருப்பினால் தங்க உப்பு ஆவியாகி மேலேறிச் சிவப்புப் படிகமாகப் படியும். அறிவியல் வரலாற்றாளர் லாரன்ஸ் பிரின்சிபே இதைச் செய்துகாட்டியிருக்கிறார்.

ஓவியப்பித்தன்:
சரி, 'ஸ்ப்ளெண்டர் சோலிஸ்' என்ற ரசவாத ஓவியச் சுவடியின் பக்கம் வாருங்கள். 22 ஓவியம், லண்டனில் உள்ள 1582 படி. குடுவைக்குள் மயில், சுற்றிலும் காதலரும் இசையுமாக வீனஸின் (வெள்ளிக் கிரகத்தின்) பிள்ளைகள், அதாவது அந்தக் கிரகத்தின் ஆட்சிக்கு உட்பட்டவர்கள். இதில் எந்த மூசை?

மூசைக்காரன்:
மயில் நிறக்குறி. குடுவையில் உள்ள சரக்கில் கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவே பலநிறம் தெரியவேண்டும். சிவப்பு முந்திக்கொண்டால் தீ அதிகம், எடுத்ததைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து. சுற்றியுள்ள காதலர் ஜெர்மானியக் கிரகப் படங்களிலிருந்து வந்தவர்கள். அங்கே உங்கள் பக்கம்தான் வலுவானது, ஒத்துக்கொள்கிறேன்.

ஓவியப்பித்தன்:
எட்டாம் சாவி? கல்லறையிலிருந்து எழுபவன், எக்காளம் ஊதும் தூதன், விதைப்பவன், குறிபார்க்கும் வில்லாளிகள்?

மூசைக்காரன்:
அதற்கு என் உலையில் வேலை இல்லை. முதல் சில சாவிகள் கை தொட்டுச் செய்தவை. பிந்தியவை நூலாசிரியர் நடக்கும் என்று நம்பியவை. விதை அழுகித்தான் முளைக்கும் என்பது விவிலிய வாக்கு. அதை உங்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஓநாயை மட்டும் விட்டுத்தரமாட்டேன்.