42 கோடி என்று ஆஃபர் வந்திருக்கிறது. கைக்கு எவ்வளவு வரும்?

ஸ்பிண்டில்1200:
கம்பெனி விற்பனையில் கணக்கு, சட்டம் பார்ப்பவர்கள் யாராவது பதில் சொன்னால் நல்லது.

கோவையில் பிரைவேட் லிமிடெட். நூற்பாலை ரிங் ஃப்ரேமில் சென்சார் வைத்து ஸ்பிண்டில் வேகம், நூல் அறுந்த இடம், கரண்ட் யூனிட் மூன்றையும் டாஷ்போர்டில் காட்டும் சாஃப்ட்வேர். ஆண்டு வருமானம் 6 கோடி, ஆட்கள் 34 பேர். அமெரிக்க கம்பெனி ஒன்று முழுசா வாங்கிக்கொள்கிறேன் என்று எல்ஓஐ (விருப்பக் கடிதம்) அனுப்பியிருக்கிறது. விலை 42 கோடி, "கேஷ்-ஃப்ரீ, டெட்-ஃப்ரீ". 60% முதல் நாளில், 15% இரண்டு வருஷம் எஸ்க்ரோவில் (மூன்றாம் நபர் கணக்கில் நிறுத்திவைப்பது), 25% ஏர்ன்-அவுட், அதாவது 3 வருஷ டார்கெட் அடித்தால். 60 நாள் வேறு யாரோடும் பேசக்கூடாதாம்.

பங்கு விவரம்: ஃபவுண்டர் இரண்டு பேர், தலா 31%. ஃபண்ட் 20% (7 கோடி போட்டது, சிசிபிஎஸ், அதாவது பின்னால் சாதாரண பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கு, 1 மடங்கு பார்ட்டிசிபேட்டிங்). ஏஞ்சல்கள் (ஆரம்பத்தில் பணம் போட்ட தனிநபர்கள்) 8%. ஈசாப் பூல் (ஊழியர்களுக்கு ஒதுக்கிய பங்கு) 10%, அதில் 6% கொடுத்தாச்சு. பேங்க் ஓடி (ஓவர்டிராஃப்ட்) 2.2 கோடி, கையிருப்பு 90 லட்சம். மில்கள் கட்டிய வருஷச் சந்தா அட்வான்ஸ் 1.2 கோடி பாக்கி சேவையாக நிற்கிறது. கிராஜுவிட்டி, லீவ் சம்பளம் 50 லட்சம், புத்தகத்தில் ஏற்றவில்லை.

ஒரு ஃபவுண்டருக்கு 42-ல் 31%, அதாவது 13 கோடி. இந்தக் கணக்கு சரியா?

---

கணக்குப்பிள்ளை_2:
சரியில்லை. 42 என்பது தொழிலுக்கான விலை, பங்குக்கான விலை இல்லை. "கேஷ்-ஃப்ரீ, டெட்-ஃப்ரீ" என்றால் கையிருப்பைக் கூட்டி, கடனைக் கழிப்பார்கள். அவர்கள் போடப்போகும் கணக்கு: 42 + 0.9 − 2.2 − 0.5 (கிராஜுவிட்டியைக் கடனாகத்தான் பார்ப்பார்கள்) − 1.2 (மில்களின் சந்தா அட்வான்ஸ்) = 39 கோடி. வக்கீல், பேங்கர், ஆடிட்டர் செலவு 1 கோடி வைத்தால் பங்கிடுவதற்கு 38.

ஈசாப் பூலில் கொடுக்காத 4% விற்பனையில் காணாமல் போகும். அதனால் 100-ஆல் வகுக்காதீர்கள், 96-ஆல் வகுக்க வேண்டும். இது உங்களுக்குச் சாதகம். அடுத்தது பாதகம்.

பார்ட்டிசிபேட்டிங் என்றால் ஃபண்ட் முதலில் தன் 7 கோடியை எடுத்துக்கொண்டு, மிச்சம் 31 கோடியிலும் பங்கு கேட்கும். 31-ல் 20/96, அதாவது 6.46. மொத்தம் 13.46 கோடி. ஃபவுண்டர் ஒருவருக்கு 10.01. ஏஞ்சல்களுக்கு 2.58, ஈசாப் ஆட்களுக்கு 1.94. (ஏஞ்சல்கள் சாதாரண பங்கு வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.)

அதே ஃபண்ட் நான்-பார்ட்டிசிபேட்டிங்காக இருந்தால் 7 கோடியா, 20/96 பங்கா, எது பெரிசோ அது மட்டும்தான். அப்போது ஃபண்டுக்கு 7.92, ஃபவுண்டருக்குத் தலா 12.27. ஃபண்ட் பணம் போட்ட அன்றைக்கு டெர்ம் ஷீட்டில் (முதலீட்டு நிபந்தனைத் தாளில்) இருந்த ஒற்றைச் சொல்லின் விலை, ஃபவுண்டர் இருவருக்கும் சேர்த்து சுமார் 4.5 கோடி. "2 மடங்கு உச்சவரம்பு போட்டிருக்கோமே" என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். இங்கே 2 மடங்கு 14 கோடி, 13.46 அதைத் தொடவே இல்லை, ஆக அந்த வரம்பால் பிரயோஜனம் பூஜ்யம்.

வரி: 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த பட்டியலிடாத பங்கு, 23 ஜூலை 2024-க்குப் பிறகு விற்றால் 12.5%. சர்சார்ஜ் 15%, செஸ் 4% சேர்த்தால் 14.95%. 10 கோடியில் ஒன்றரை கோடி போகும். ஈசாப் ஆட்கள் விற்கும் அன்றே எக்சர்சைஸ் செய்தால் (ஆப்ஷனைப் பங்காக மாற்றினால்) அவர்களுக்கு அது சம்பளம், ஸ்லாப் ரேட். அவர்களிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் டிடிஎஸ் பிடித்ததைப் பார்த்து ஆள் கோபித்துக்கொண்டு கிளம்பினால், வாங்குபவர் பேரம் பேச அதுவே காரணமாகிவிடும்.

---

ஷரத்து:
மேலே சொன்ன கணக்கோடு ஒரே ஒரு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. 1.2 கோடி அட்வான்ஸை முழுசாகக் கடன் என்று ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? அந்தச் சந்தாவுக்கு மீதி மாதங்கள் சேவை கொடுக்க ஆகும் செலவு (சர்வர், சப்போர்ட் ஆள்) மட்டும்தான் உண்மையான பொறுப்பு. 30% என்று பிடித்தால் 36 லட்சம். 84 லட்சம் திரும்பக் கிடைக்கும். எல்ஓஐ-யிலேயே இதை எழுத வைக்க வேண்டும். கையெழுத்துக்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒர்க்கிங் கேப்பிடல் பெக் (விற்கும்போது கம்பெனியில் இருக்க வேண்டிய நடைமுறை மூலதன அளவு) பற்றிக் கேள்வியில் ஒன்றும் இல்லையே, அதுவும் வரும். பஞ்சு வரத்துக் காலத்தில் மில் பணமெல்லாம் பஞ்சில் முடங்கும், உங்கள் பில் 90 நாள், 120 நாள் என்று இழுக்கும். பிப்ரவரி மாத பாக்கியை வைத்து பெக் நிர்ணயித்துவிட்டு, வசூலான பிறகு ஜூலையில் க்ளோசிங் (பங்கு கைமாறும் நாள்) வைத்தால், குறைகிறதே என்று வித்தியாசத்தை விலையில் கழிப்பார்கள். 12 மாத சராசரி மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெரிய விஷயம். இந்த ஆஃபர் எழுதியபடி ஃபெமாவில் (அந்நியச் செலாவணிச் சட்டத்தில்) நிற்காது. வெளிநாட்டவர் இந்தியரிடம் பங்கு வாங்கும்போது தள்ளிக் கொடுப்பது, எஸ்க்ரோ வைப்பது எல்லாம் மொத்த விலையில் 25%-க்குள், ஒப்பந்தத் தேதியிலிருந்து 18 மாதத்துக்குள் முடிய வேண்டும். க்ளோசிங் தேதியிலிருந்து இல்லை என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு வந்திருப்பது 15 + 25 = 40%, அதுவும் 2 வருஷம், 3 வருஷம். அமெரிக்க வக்கீல் தன் ஊர் டெம்ப்ளேட்டை அப்படியே அனுப்பியிருப்பார்.

இதைச் சொன்னதும் இரண்டு மாற்று வரும். ஒன்று, "ஏர்ன்-அவுட்டை ரிடென்ஷன் போனஸாக (வேலையில் தொடர்ந்தால் தரும் போனஸ்) தருகிறோம்". அது சம்பளம், 14.95% இருந்த இடத்தில் 30%-க்கு மேல் வரி. வேலையை விட்டாலோ அவர்களே நீக்கினாலோ பணம் போச்சு. அப்படித்தான் என்றால், காரணமின்றி நீக்கினால் முழுத் தொகையும் உடனே என்று ஷரத்து வேண்டும். இன்னொன்று, இப்போது 75% பங்கை மட்டும் விற்று, மீதி 25%-ஐ புட்/கால் ஆப்ஷனில் (நீங்கள் விற்கவும் அவர்கள் வாங்கவும் உரிமை) அன்றைய நியாய விலைக்குப் பின்னால் விற்பது. எனக்கு இரண்டாவதுதான் உத்தமமாகப் படுகிறது. பங்கு உங்கள் கையில் இருக்கிற வரைக்கும் போர்டில் ஒரு நாற்காலி கேட்கலாம்.

எஸ்க்ரோவில் கிடக்கும் பணத்துக்கும் பங்கு கைமாறிய வருஷத்திலேயே வரி உண்டா என்பதில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. வராத பணத்துக்கு வரி கட்ட முதல் தவணையில் ஒதுக்கி வையுங்கள்.

டிராக்-அலாங் ஷரத்து (பெரும்பான்மை விற்றால் மற்றவர்களும் விற்றாக வேண்டும் என்பது) ஷேர்ஹோல்டர் அக்ரிமென்டில் மட்டும் இருக்கிறதா, ஆர்ட்டிகிள்ஸிலும் (கம்பெனியின் சட்டதிட்டத்திலும்) ஏறியிருக்கிறதா? பங்கு மாற்றத்துக்கான கட்டுப்பாடு ஆர்ட்டிகிள்ஸில் இல்லாவிட்டால் கட்டுப்படுத்தாது என்று 1991-லேயே ரங்கராஜ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஏஞ்சல் ஒருவர் முறைத்துக்கொண்டால் 100% விற்பனை நின்றுபோகும்.

---

ஃபர்ம்வேர்காரன்:
காசுக்கணக்கு அவர்கள் சொல்லிவிட்டார்கள். டியூ டிலிஜென்ஸில் (வாங்குமுன் அவர்கள் செய்யும் சோதனையில்) பேப்பரை எங்கே கிழிப்பார்கள் என்று நான் சொல்கிறேன்.

முதல் கேள்வி, சென்சார் போர்டில் ஓடும் கோடு (புரோகிராம்) யார் எழுதியது? கம்பெனி ரெஜிஸ்டர் ஆவதற்கு முன் ஃபவுண்டர் எழுதியது அவருடைய சொந்தச் சொத்து. ஃப்ரீலான்சர் எழுதியது ஃப்ரீலான்சருடையது. காசு கொடுத்தாச்சு, இன்வாய்ஸ் இருக்கு என்பதெல்லாம் செல்லாது. சம்பள ஆள் எழுதினால்தான் பதிப்புரிமை தானாகக் கம்பெனிக்கு வரும். எழுத்தில் அசைன்மென்ட் (உரிமை மாற்றப் பத்திரம்) வாங்கியிருந்தாலும் எடுத்துப் படியுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 வருஷம்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். அமெரிக்காக்காரன் வாங்குகிற கோடு இந்தியாவுக்குள் மட்டும் செல்லும் என்றால் என்ன ஆகும்? "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று புதிதாக ஒரு பத்திரம் போட்டுவிடுங்கள். விற்பனை நடப்பது தெரியும் முன்பே வாங்குவது புத்திசாலித்தனம்; தெரிந்தபின் கையெழுத்துக்கு ரேட் வேறு.

ப்ரோட்டோடைப் இன்ஜினியரிங் காலேஜ் லேபில் செய்ததாக இருந்தால் காலேஜிடம் உரிமை இல்லை என்று ஒரு கடிதம். சென்சார் எல்ஓரா (நெடுந்தூர, குறைந்த மின்சார வயர்லெஸ்) ரேடியோ என்றால் 865–868 மெகாஹெர்ட்ஸ். மாட்யூலுக்கு டபிள்யூபிசி இடிஏ சான்றிதழ் (மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு தருவது) கேட்பார்கள். சீன சப்ளையரின் பிடிஎஃப்பைக் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் அந்த 6 கோடி. அதில் சென்சார் விற்றது எவ்வளவு, மாட்டிக்கொடுத்த கூலி எவ்வளவு? 42-ஐ 6-ஆல் வகுத்தால் 7 மடங்கு. சென்சார் 1.4, இன்ஸ்டலேஷன் 0.6 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுதோறும் திரும்ப வரும் சந்தா 4 கோடிதான். 50-வது நாளில் அவர்கள் ஆடிட்டர் அதைக் கண்டுபிடித்து, அதே 7 மடங்கில் 28 கோடி என்பார். வேறு யாரோடும் பேச முடியாத நேரமாகப் பார்த்து. இன்றைக்கே பிரித்துக் காட்டி, அதற்குப் பிறகும் 42 நிற்கிறதா என்று கேளுங்கள்.

---

ஸ்பிண்டில்1200:
மூன்று பேருக்கும் நன்றி. சென்சார் விற்பனை 6-க்குள்தான் இருக்கிறது, பிரிக்கிறோம். 60 நாளை எப்படிக் குறைப்பது? ஏஞ்சல்களில் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார், 25 லட்சம் போட்டு 4 வருஷம் ஆகிறது, அதில் ஏதாவது இருக்கிறதா?

---

ஷரத்து:
45 நாள் கேளுங்கள். விலையையோ கட்டும் முறையையோ அவர்கள் மாற்றினால் அன்றே தடை தானாக விலகும் என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரிதான் பாதுகாப்பு.

சிங்கப்பூர் ஆள்தான் எனக்குக் கவலை. அவர் என்ஆர்ஐ-ஆக நான்-ரிபாட்ரியேஷன் (பணத்தை வெளிநாட்டுக்குத் திரும்ப எடுக்காத) அடிப்படையில் போட்டிருந்தால் உள்நாட்டு முதலீடு மாதிரி, பிரச்சினை இல்லை. இல்லையென்றால் பங்கு ஒதுக்கிய 30 நாளில் எஃப்சி-ஜிபிஆர் (வெளிநாட்டவருக்குப் பங்கு கொடுத்ததை ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்கும் படிவம்) போட்டிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால், கெடுவிலிருந்து 3 வருஷத்துக்குள் லேட் ஃபீயோடு முடியும். 25 லட்சத்துக்கு அது பத்தாயிரத்துக்குள் அடங்கும் தொகை. 3 வருஷம் தாண்டிவிட்டால் ரிசர்வ் வங்கியில் காம்பவுண்டிங் (தவறை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டித் தீர்ப்பது). அபராதம் பெரிதாக இருக்காது, ஆனால் உத்தரவு வர 180 நாள் வரை போகலாம். உங்கள் 45 நாளும் அவர்கள் 60 நாளும் அதற்குள் முடிந்திருக்கும். பேங்க் ஸ்டேட்மென்டையும் ஃபைலிங் ரசீதையும் இன்றைக்கே தேடுங்கள். இல்லையென்றால் எல்ஓஐ-யில் கையெழுத்துப் போடுமுன் விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

---

கணக்குப்பிள்ளை_2:
கூடவே டீமேட். பங்குகள் பேப்பரில் இருந்தால் ஈக்விட்டிக்கு ஒரு ஐசின் (பங்கின் அடையாள எண்), சிசிபிஎஸ்ஸுக்கு ஒரு ஐசின், தனித்தனியாக வாங்க வேண்டும். அதற்கே சில வாரம் போகும். ஸ்டாம்ப் டியூட்டி 0.015%தான், 39 கோடிக்கு 58,500 ரூபாய். ஆஃப்-மார்க்கெட் டீமேட் மாற்றத்தில் டெபாசிட்டரி அதை விற்பவரிடம் முன்கூட்டியே வசூலித்தபின்தான் பங்கை நகர்த்தும். க்ளோசிங் அன்று காலையில் அந்தப் பணம் கணக்கில் இருக்கட்டும்.