புதுப்பிப்பு: அந்த ஹோப்பி கச்சினா உருவத்தின் வயது

அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் ஹோப்பி பழங்குடி மக்கள், கச்சினா எனும் தெய்வீக ஆவிகளின் வடிவில் மரத்தில் செதுக்கும் உருவம் ஒன்றை 1930களைச் சேர்ந்தது என்று சொல்லி ஒரு வியாபாரி விலை கூறியதையும், அதை நம்பலாமா என்று நான் இங்கே கேட்டதையும் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். நேரில் பார்த்துவிட்டேன், வாங்கவில்லை.

கையில் எடுத்தபோது லேசாகவே இருந்தது. அவர்கள் வழக்கமாகச் செதுக்கும் காட்டன்வுட் மர வேருக்குரிய எடைதான். ஆனால் தலையிலிருந்த இறகுகள் மரத்திலேயே இழை இழையாகச் செதுக்கப்பட்டிருந்தன. பறவைப் பாதுகாப்புச் சட்டங்களால் கழுகு முதலியவற்றின் உண்மையான இறகுகளை விற்பனைப் பொருளில் வைப்பது சிக்கலான பிறகு, 1970களை ஒட்டியே இவ்வேலைப்பாடு பரவியது. பழைய உருவங்களோ பெரும்பாலும் பீடமின்றி, சடங்கின்போது சிறுமிகளுக்கு வழங்கப்பட்டு, வீட்டுச் சுவரிலோ உத்தரத்திலோ தொங்கவிடப்பட்டவை. வெண்களிமண் பூச்சின்மேல் இயற்கை நிறங்கள் தீட்டப்பட்டவை. இதில் அக்ரிலிக் பளபளப்பு; கீழே வட்டப் பீடம் வேறு. அப்பீடத்தின் அடியில், செதுக்கியவரின் கையொப்பம் இருந்திருக்கக்கூடிய இடத்தை யாரோ உப்புத்தாளால் தேய்த்திருந்தார்கள். (நல்ல கலைஞர் ஒருவரின் பெயரை அழித்து வயதை ஏற்றுவது எனக்கு அருவருப்பாகவே பட்டது.)

சடங்குகளில் கச்சினாவாக ஆடுபவர்கள் அணியும் முகமூடிகளையும் சேகரிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. ஹோப்பி மக்களுக்கு அவை உயிருள்ள புனிதங்கள்; 2013இல் பாரிஸில் அவை ஏலத்துக்கு வந்தபோது நீதிமன்றம் வரை சென்றும் தடுக்க முடியாமல் போனது. அவ்வாண்டு டிசம்பர் ஏலத்தில் அமெரிக்காவின் அன்னென்பெர்க் அறக்கட்டளை 24 பொருள்களை வாங்கி, உரிய பழங்குடியினரிடம் ஒப்படைக்க முன்வந்தது.

அடுத்து, ஹோப்பி மக்கள் வாழும் மெசா (தட்டையான உச்சியுள்ள குன்று) கிராமங்களில் செதுக்குபவரிடமே நேரடியாக ஒன்று வாங்குவதாக இருக்கிறேன்.