39 வாரத்தில் வலி தூண்டச் சொல்கிறார்கள்: காத்திருக்கலாமா?

முதல் பிரசவம். 39 வாரம் முடிந்தும் வலி வரவில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, பனிக்குட நீர் எல்லாம் சரி. தலை கீழே இருக்கிறது, அசைவும் நன்றாக இருக்கிறது. ஸ்கேனில் எடை 3.8 கிலோ என்று வந்ததும், "குழந்தை பெரியது, திங்கட்கிழமை வந்து சேருங்கள், மருந்து வைத்து வலி வரவழைக்கலாம்" என்கிறார் மருத்துவர். கருப்பை வாய் இன்னும் திறக்கவே இல்லை.

காத்திருந்தால் என்ன ஆபத்து என்று கேட்டேன். "எதற்கு ரிஸ்க்?" என்றார். (கேள்வியே அதுதானே!) இன்னொரு மருத்துவரைப் பார்த்தேன், முதலாமவரின் முடிவில் தலையிட மாட்டாராம். ஸ்கேன் எடை பத்து, பதினைந்து சதவீதம் முன்பின் இருக்கக்கூடும். சிக்கலில்லாத கர்ப்பத்தில் 41 வாரத்துக்கு முன் வலி தூண்டுவதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. இதைக் காட்டியும் பயனில்லை.

வலி வரவழைக்கத் தரும் ஆக்சிடோசின் மருந்தின் அளவு கூடினால் கருப்பைச் சுருக்கங்கள் இடைவெளியின்றி வந்து குழந்தையின் இதயத்துடிப்பு குறையலாம் என்பதே என் கவலை. அறுவை உண்மையிலேயே தேவைப்பட்டால் மறுக்க மாட்டேன்.

இங்குள்ள மருத்துவர்கள், செவிலியர்கள், இதே நிலையைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்: 41 வாரம் வரை பாதுகாப்பாகக் காத்திருக்க, எந்தெந்தப் பரிசோதனைகளை எவ்வளவு இடைவெளியில் செய்யும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும்?