பதிவு செய்யாத அருங்காட்சியகக் குழுவுக்கு விசா மறுப்பு: வழி தெரிந்தவர்கள் உதவவும்

ஈரோட்டைச் சேர்ந்த நாங்கள் எட்டு இளைஞர்கள், நான்கு ஆண்டுகளாக அருங்காட்சியக ஆர்வலர் குழுவாக இயங்கி வருகிறோம். குழு சங்கமாகப் பதிவு செய்யப்படவில்லை. ஜெர்மனியிலுள்ள ஓர் அருங்காட்சியகத்தின் இளம் ஆதரவாளர்கள் கடந்த ஜனவரியில் இங்கு வந்தபோது, பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று குறிப்பிடும், நொய்யல் வடகரையிலுள்ள கொடுமணலுக்கு அழைத்துச் சென்று, சூதுபவள மணிகள் செய்யப்பட்ட அவ்வூர் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையோடும் ரோம வணிகத்தோடும் இணைந்திருந்ததை விளக்கினோம். அதன் தொடர்ச்சியாக, தங்கள் ரோமானியக் காட்சிக்கூடத்தைக் காண வரும் செப்டம்பரில் பத்து நாள்களுக்கு எங்களை அழைத்துள்ளனர்.

மே மாதம் சென்னையில் அனைவரும், ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசாவுக்கு விண்ணப்பித்தோம். மாதச் சம்பளக்காரர் மூவருக்குக் கிடைத்தது. கல்லூரி மாணவர் மூவருக்கும் குடும்ப விசைத்தறியைக் கவனிக்கும் இருவருக்கும், பயண நோக்கம் குறித்த விவரங்கள் நம்பத்தக்கவையாக இல்லை என்று மறுப்பு வந்தது.

அழைப்புக் கடிதம், நாள்வாரி நிகழ்ச்சி நிரல், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, ஆறு மாத வங்கி விவரம் ஆகியவற்றை முதலிலேயே இணைத்திருந்தோம். மறுப்புக்குப் பின் தூதரகத்துக்கு அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை. ‘சுற்றுலா’ என்று மாற்றி எழுதிவிடுமாறு ஒரு முகவர் சொன்னார். பொய் எழுத எங்களுக்கு விருப்பமில்லை.

ஐவரும் மறுபடி விண்ணப்பிக்கும்போது, பதிவு பெறாத குழுவின் பண்பாட்டுப் பயணம் உண்மையானது என்று காட்ட, எந்த ஆவணத்தை யாரிடமிருந்து பெற்று இணைக்க வேண்டும்?