வாடகை வீட்டுச் சுவர்ல பூஞ்சை, செலவு யார் தலைல? ஓனரா, குடியிருக்கறவரா?

வேளச்சேரிவாசி: எங்களோடது டாப் ஃப்ளோர், மேல மொட்டை மாடி. ஐப்பசி மழை பிடிச்சதும் பெட்ரூம் சீலிங் ஓரமா ஓதம் ஏறி கருப்பா பூஞ்சை படர்ந்துடுச்சு, பீரோல இருக்கற துணியெல்லாம் நாத்தம், பையனுக்கு ராத்திரி பூரா இருமல். ஓனர் கிட்ட சொன்னா "நீங்க ஜன்னலே திறக்கறதில்ல, பெயிண்ட் செலவை அட்வான்ஸ்ல பிடிச்சுப்பேன்"ங்கறார். இது நியாயமாங்க?

சொந்தவீடு65: நானும் வீடு வாடகைக்கு விடறவன்தான். புது பெயிண்ட் அடிச்சுக் குடுத்தேன், நாள் பூரா ஏசி, ஜன்னல் சாத்தியே கிடக்கு, ஈரத்துணிய ரூமுக்குள்ளயே கொடி கட்டிக் காயப்போடறாங்க, பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் போடறதே இல்ல. அப்புறம் சுவர் பூக்காம என்ன செய்யும்? அதுக்கும் நான்தான் அழணுமா?

சைட்_இன்ஜினியர்: சார் நீங்க சொல்றது வேற ஈரம், அவர் சொல்றது வேற. மழை பெஞ்சா கறை பெரிசாகுது, பெயிண்ட் உப்பி உதிருதுன்னா தண்ணி மேலருந்து இறங்குது, மாடித் தரைல பதிச்ச ஓட்டு (தட்டோடு) ஜாயிண்ட் விட்டிருக்கும். பீரோ பின்னாடியும் மூலைலயும் மட்டும் புள்ளி புள்ளியா வந்தா அது காத்தோட்டம் இல்லாம வர்றது. சந்தேகம்னா அந்த இடத்தைத் துடைச்சுக் காயவிட்டு அலுமினியம் ஃபாயில் ஒண்ண நாலு பக்கமும் டேப் ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. ஃபாயிலுக்கு அடில ஈரம்னா சுவர்லருந்து வருது, மேல முத்து முத்தா நின்னா ரூம் காத்துல இருக்கற ஈரம்.

அடையாறு_வக்கீல்: 2017ல போட்ட தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரிலருந்து அமல்ல இருக்கு. அதோட அட்டவணைல கட்டட ரிப்பேர், வெள்ளையடிக்கறது, பைப் மாத்தறது ஓனர் பொறுப்பு, குழாய் வாஷர், சுவிட்சு, அடைப்பு எடுக்கறது குடியிருக்கறவர் பொறுப்பு. குடியிருக்கறவர் சேதம் பண்ணி வந்த கட்டட ரிப்பேர் மட்டும் ஓனர் மேல வராது. ஓனர் செய்யமாட்டேன்னா நீங்களே செஞ்சு வாடகைல கழிக்கலாம், ஆனா ஒரு மாசத்துல பாதி வாடகைக்கு மேல கழிக்கக் கூடாது.

சொந்தவீடு65: அபார்ட்மெண்ட்ல மொட்டை மாடி எல்லாருக்கும் பொது சார், அசோசியேஷன் பணம் ஒதுக்கலன்னா நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?

வேளச்சேரிவாசி: அசோசியேஷன் மீட்டிங்ல உக்காந்து கேக்கற உரிமை ஓனருக்குத்தான் இருக்கு, எனக்கு ஓட்டே கிடையாது. வாடகை முழுசா வாங்கிட்டு கூரை என்னுதில்லன்னா நாங்க யார்கிட்ட போறது? ஃபாயில் ஒட்டிப் பாத்துட்டேன், அடிப்பக்கம் சொதசொதன்னு இருக்கு, போட்டோ எடுத்து தேதியோட ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பியாச்சு. அட்வான்ஸ்ல ஒரு ரூபா பிடிக்க விடமாட்டேன்.

சைட்_இன்ஜினியர்: இப்பவே பட்டி பாத்து பெயிண்ட் அடிக்கறேன்னு வந்தா ஒத்துக்காதீங்க, அடுத்த மழைக்கே திரும்ப வந்துடும். மழை நின்னு தளம் நல்லா காயட்டும், தை மாசம் வாட்டர்ப்ரூஃபிங் பண்ணிட்டு அப்புறம் உள்ள பெயிண்ட். அதுவரைக்கும் பையனை அந்த ரூம்ல படுக்க வைக்காதீங்க.